30 ஆண்டு கார் பார்க்கிங், இப்போது 36 மாடி அலுவலகம்: அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாறியது என்ன?

ஊரின் நட்ட நடுவில் ஒரு சதுக்கம். தெற்கே 52 மாடிக் கோபுரம். வடக்கே 57 மாடி. கிழக்கே 45 மாடி. மேற்குப் பக்கம் மட்டும் தார் போட்ட வெறும் தரை. வெள்ளைக் கோடு, கட்டணப் பலகை, வரிசையாகக் கார்கள்.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கிளீவ்லாந்து நகரம் 30 வருஷத்துக்கும் மேல் இப்படித்தான் இருந்தது. சதுக்கத்தின் பெயர் பப்ளிக் ஸ்கொயர். 1990-ல் அங்கிருந்த கட்டடங்களை இடித்தார்கள். இடித்த இடத்தில் வர வேண்டிய கோபுரம் வரவே இல்லை. தற்காலிகமாகப் போட்ட கார் பார்க்கிங், ஒரு தலைமுறைக்கு நிரந்தரமாகிவிட்டது.

அந்த இடத்திலும் அதற்கு மேற்கே ஒட்டியிருந்த இன்னும் சில பார்க்கிங் நிலங்களிலும் இப்போது ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற பெயின்ட் நிறுவனத்தின் தலைமையகம் எழுந்து நிற்கிறது. 36 மாடி, 616 அடி உயரம், சுமார் 10 லட்சம் சதுர அடி. நம்ம சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடி என்பதை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1991-க்குப் பிறகு அந்த நகரத்தில் கட்டப்பட்டதில் இதுதான் மிக உயரமான கட்டடம்.

பார்க்கிங் போய் கோபுரம் வந்தால் ஊருக்கு லாபம்தானே? அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். படத்தில் பார்த்தால் லாபம்தான். ஆனா கணக்கு நோட்டைத் திறந்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

இடிச்சது யாரு, ஏன்?

1980-களின் கடைசி. ரிச்சர்ட் ஜேக்கப்ஸ் அந்த ஊரின் பெரிய ரியல் எஸ்டேட் புள்ளி. கிளீவ்லாந்தின் பேஸ்பால் அணியும் அப்போது அவர் குடும்பத்திடம்தான் இருந்தது. பப்ளிக் ஸ்கொயரில் ஒரே நேரத்தில் இரண்டு கோபுரம் கட்ட அவர் திட்டமிட்டார். வடக்குப் பக்கம் சொசைட்டி வங்கிக்கு ஒன்று. மேற்குப் பக்கம் அமெரிட்ரஸ்ட் வங்கிக்கு இன்னொன்று. இரண்டாவது சுமார் 60 மாடி, ஏறத்தாழ 1,200 அடி உயரம் என்று அறிவிக்கப்பட்டது.

சொசைட்டி கோபுரம் 1991-ல் முடிந்தது. 947 அடி உயரம், இன்றைக்கும் ஓஹாயோவிலேயே உயரமான கட்டடம் அதுதான். இப்போது பெயர் கீ டவர்.

அமெரிட்ரஸ்ட் கோபுரத்துக்காக மேற்குப் பக்கத்தை 1990-ல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அடுத்த வருஷமே வங்கி தள்ளாடியது. ரியல் எஸ்டேட் கடன்கள் அமெரிக்கா முழுக்க வங்கிகளைக் கடித்த காலம் அது. கடைசியில் அமெரிட்ரஸ்டை வாங்கியது யார் தெரியுமா? அதே சொசைட்டி வங்கி. 1992-ல் இணைப்பு முடிந்தது. எதிரெதிரே இரண்டு கோபுரத்தில் உட்கார வேண்டிய இரண்டு வங்கி ஒன்றாகிவிட்டால் இரண்டாவது கோபுரம் எதற்கு? திட்டம் கைவிடப்பட்டது.

இடித்த கட்டடங்கள் திரும்பி வரவில்லை. வரப்போகும் கட்டடமும் இல்லை. இருந்தது நிலம் மட்டும். அதில் கார் நிறுத்தினார்கள்.

சதுக்கத்தின் கிழக்குப் பக்கக் கதை இதற்கு நேர் மாறு போலத் தெரியும். அங்கே 1982-ல் இரண்டு பழைய கட்டடங்களை இடித்தார்கள். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் வாரிசான சோஹியோ எண்ணெய் நிறுவனம் 1985-ல் 45 மாடி கட்டியது. சொன்னபடி கட்டடம் வந்தது. ஆனால் 1987-ல் சோஹியோவை பி.பி. முழுசாக வாங்கியது, 1998-ல் அமோகோவையும் சேர்த்துக்கொண்டது, அதற்குப் பின் அமெரிக்கத் தலைமையகத்தை சிகாகோ பக்கம் நகர்த்தியது. கட்டடம் இருக்கு, கட்டின கம்பெனி இல்லை.

கோபுரத்தின் ஆயுள் ஐம்பது, நூறு வருஷம். கம்பெனிகளின் முடிவு பத்துப் பதினைந்து வருஷத்தில் மாறும். கிளீவ்லாந்து ஒரே சதுக்கத்தில் இரண்டு தடவை பட்ட பாடம் இது.

30 வருஷம் ஏன் யாரும் கட்டலை?

ஊருக்கு நடுவில் இவ்வளவு விலையுள்ள இடத்தை வெறுமனே வைத்திருக்க முடியுமா என்று நமக்குத் தோன்றும். முடியும். சொல்லப்போனால் அதுதான் சுலபம்.

கார் பார்க்கிங் நடத்த என்ன வேண்டும்? தார், கோடு, ஒரு பூத், ஓரிரு ஆட்கள். இப்போது பூத்தும் ஆளும் கூடத் தேவையில்லை, மொபைலில் ஆப் போதும். லிஃப்ட் கெடாது, மேற்கூரை ஒழுகாது, வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய மாட்டார். தினமும் காசு வரும். கிளீவ்லாந்தில் மேட்ச் நடக்கும் நாள் என்றால் கட்டணம் ஒரேயடியாக ஏறும்.

அதைவிட முக்கியம் வரி. அமெரிக்க நகரங்களில் சொத்து வரி பெரும்பாலும் நிலம், கட்டடம் இரண்டின் மதிப்பையும் கூட்டிப் போடப்படுகிறது. கட்டடமே இல்லாத பார்க்கிங்குக்கு நில மதிப்புக்கு மட்டும் வரி. பக்கத்து மனையில் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து வீடாக மாற்றினவர் அதிகம் கட்டுகிறார். எதுவுமே செய்யாதவர் குறைவாகக் கட்டுகிறார். சும்மா இருப்பவருக்குப் பரிசு.

இதை மாற்ற டெட்ராய்ட் மேயராக இருந்த மைக் டகன் 2023-ல் ஒரு யோசனை வைத்தார்: வெறும் நிலத்துக்கு வரியைக் கூட்டு, கட்டடத்துக்குக் குறை. அதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கேயே மாட்டிக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நில உரிமையாளர் சின்ன வாடிக்கையாளருக்குக் காத்திருப்பதில்லை. என்றாவது ஒரு பெரிய கம்பெனி தலைமையகம் கட்ட வரும், அன்றைக்கு விற்றால் போதும் என்ற நினைப்பு. அதுவரை ஆறு மாடி அடுக்குமாடி கட்டினால், பெரிய விலை வரும்போது நிலம் கையில் இருக்காதே! இப்படிப் பலரும் காத்திருக்க, ஒன்றிரண்டு பேருக்குத்தான் அந்தப் பரிசு விழும். மற்ற மனைகள் பார்க்கிங்காகவே கிடக்கும்.

பப்ளிக் ஸ்கொயருக்கு மேற்கே இருக்கும் வேர்ஹவுஸ் மாவட்டத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் துணி, இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்த பகுதி. வியாபாரம் போனதும் 1960, 70-களில் செங்கல் கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்து கார் நிறுத்த இடம் செய்தார்கள். இடிக்காமல் தப்பிய கட்டடங்கள் 1980-களிலிருந்து வீடுகளாகவும் உணவகங்களாகவும் மாறின. இன்று டவுன்டவுனில் ஆட்கள் குடியிருக்கும் முக்கியமான பகுதிகளில் அதுவும் ஒன்று. இடித்தது தெளிவான தப்பு என்று இப்போது சொல்லலாம். அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. 1950-ல் 9,14,808 பேர் இருந்த நகரம் 2020 கணக்கெடுப்பில் 3,72,624 பேராகச் சுருங்கியது. ஆள் புறநகருக்குப் போனார்கள், காரில் வேலைக்கு வந்தார்கள், காருக்கு இடம் கேட்டார்கள். அதற்காக ஊர் தன்னையே இடித்துக் கொடுத்தது.

பெயின்ட் கம்பெனி உள்ளே வந்த கதை

ஷெர்வின்-வில்லியம்ஸ் 1866-ல் கிளீவ்லாந்தில் தொடங்கிய நிறுவனம். உலகின் மிகப்பெரிய பெயின்ட் நிறுவனங்களில் ஒன்று. 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலும் இடம் பிடித்தது. 1930 முதல் அது டெர்மினல் டவருக்குப் பின்னால், பிராஸ்பெக்ட் அவென்யூவில் இருந்த ஒரே கட்டடத் தொகுதியில் இயங்கியது. 2017-ல் வால்ஸ்பார் என்ற போட்டி நிறுவனத்தை வாங்கிய பிறகு ஊழியர் எண்ணிக்கை கூடியது, இடம் போதவில்லை.

2019-ல் புதுத் தலைமையகத்துக்கு இடம் தேடுகிறோம், வேறு ஊர்களையும் பார்க்கிறோம் என்று நிறுவனம் சொன்னது. ஊருக்குப் பகீர் என்றது. சோஹியோ போன ஊர் அல்லவா? மாநகராட்சி, கவுன்ட்டி, மாநிலம் எல்லாம் சலுகையோடு வரிசையில் நின்றன. 2020 பிப்ரவரியில் முடிவு வந்தது: தலைமையகம் கிளீவ்லாந்து டவுன்டவுனில், ஆராய்ச்சி மையம் தெற்கே பிரெக்ஸ்வில் என்ற புறநகரில். இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது 60 கோடி டாலர் முதலீடு. நம்ம பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல்.

அறிவிப்பு வந்த அடுத்த மாதம் கொரோனா. உலகமே அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. ஆனாலும் இந்தத் திட்டம் நிற்கவில்லை. முதலில் சொன்ன தேதி தள்ளிப்போய், 2025-ல் ஊழியர்கள் புதுக் கட்டடத்துக்கு மாறத் தொடங்கினர்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 36 மாடிக் கோபுரம் சதுக்கத்தை ஒட்டி இல்லை, ஒரு தெரு தள்ளி மேற்கே இருக்கிறது. 1990-ல் இடித்து, 60 மாடி வரும் என்று காத்திருந்த அந்த மனையில் வந்திருப்பது இரண்டு மாடிக் கட்டடம். நிறுவனத்தின் வரலாற்றைக் காட்டவும் பயிற்சி நடத்தவும் கட்டிய முகப்பு மண்டபம் அது. கோபுரத்துக்கும் அதற்கும் நடுவே தெருவுக்கு மேலே நடைபாலம்.

அறுபது மாடிக்காக இடித்த இடத்தில் இரண்டு மாடி. இதை யாரும் விழாவில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

மாநகராட்சி ஏன் இவ்வளவு விழுந்து விழுந்து சலுகை தருது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஏன்னா உண்மையான விளையாட்டு இங்கதான்.

நம்ம ஊரில் வருமான வரி என்றால் மத்திய அரசு. ஓஹாயோவில் நகரங்களும் தனியாக வருமான வரி வாங்குகின்றன. கிளீவ்லாந்தில் அது சம்பளத்தில் 2.5 சதவீதம். 2 சதவீதமாக இருந்ததை 2016 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு உயர்த்தினார்கள். மாநகராட்சியின் பொது நிதிக்கு இதுதான் முதுகெலும்பு. போலீஸ், தீயணைப்பு, குப்பை வண்டி எல்லாம் இதில்தான் ஓடுகிறது.

முக்கியமான விஷயம்: இந்த வரி முதலில் போவது நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்கு. குடியிருக்கும் ஊருக்கு இல்லை. புறநகரில் பெரிய வீட்டில் இருந்துகொண்டு டவுன்டவுனில் வேலை செய்தால் வரி கிளீவ்லாந்துக்கு. இதனால்தான் ஆள் குடிபெயர்ந்து போன பிறகும் நகரம் பிழைத்தது. மக்கள் இல்லாவிட்டாலும் மேசைகள் இருந்தன.

ஒரு கணக்கு போடுவோம். வருஷம் 80,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒரு ஊழியர். 2.5 சதவீதம் என்றால் 2,000 டாலர் கிளீவ்லாந்துக்கு. இப்படி 3,000 பேர் என்றால் வருஷத்துக்கு 60 லட்சம் டாலர். இது ஒரு உதாரணக் கணக்கு மட்டுமே. ஆனா சலுகை ஏன் கொடுக்கிறார்கள் என்பது இதிலேயே புரியும்.

இப்போ கொரோனாவை உள்ளே கொண்டு வாங்க. 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். அப்போ அவர் "வேலை பார்க்கும் ஊர்" எது? ஆபீஸ் இருக்கும் ஊர்தான் என்று மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. நான் ஒரு நாள்கூட அங்கே போகவில்லையே, எதற்கு வரி என்று ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். அவசரக் காலத்துக்கு அந்தச் சட்டம் செல்லும் என்று ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே அவசர விதி காலாவதியாகிவிட்டது. இப்போது உடல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரி.

நம்ம உதாரண ஊழியர் வாரத்தில் இரண்டு நாள் புறநகர் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் என்ன ஆகும்? ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 800 டாலர் கிளீவ்லாந்தின் கையை விட்டுப் போகும்.

அதனால் கிளீவ்லாந்து மாநகராட்சிக்கு இந்தக் கோபுரம் வானத்தைத் தொடும் அழகுச் சின்னம் மட்டுமில்லை. ஆளை வீட்டிலிருந்து இழுத்து வந்து உட்கார வைக்கும் காந்தம். ஜன்னல் வழியே ஏரி தெரியுது, ஜிம் இருக்கு, நல்ல கேன்டீன் இருக்கு, ஆபீஸுக்கு வாங்க என்று நிறுவனம் கூப்பிடுவதில் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு.

சலுகையின் இன்னொரு முகம் டிஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஏற்பாடு. பார்க்கிங்காக இருந்தபோது நிலத்துக்கு வந்த வரி அப்படியே வரும். கோபுரம் வந்ததால் கூடும் வரியை, பொதுக் கணக்கில் சேர்க்காமல், பல வருஷத்துக்கு அந்தத் திட்டத்தின் செலவுக்கே திருப்பி விடுவார்கள். "நீங்க வராவிட்டால் இந்த வரியே இல்லை, அதனால் எங்களுக்கு நஷ்டம் இல்லை" என்பது வாதம். இந்த வாதம் நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: அவர்கள் நிஜமாகவே போயிருப்பார்களா? 1866 முதல் இருக்கும் கம்பெனி மூட்டை கட்டியிருக்குமா என்பது யாராலும் நிரூபிக்க முடியாத ஒன்று. சோஹியோ அனுபவம் உள்ள ஊர், ஆபத்தைப் பரிசோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விலை இருக்கிறது என்பதையாவது சொல்லியாகணும்.

அப்போ பழைய ஆபீஸ் என்னாச்சு?

புதுக் கட்டடத்துக்கு வந்தவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதே ஊரில், சதுக்கத்துக்குத் தெற்கே சில நிமிட நடை தூரத்தில் இருந்த பழைய கட்டடத்திலிருந்து வந்தவர்கள். 90 வருஷத்துக்கும் மேல் நிறைந்திருந்த அந்தக் கட்டடத் தொகுதியை, கோடீஸ்வரர் டான் கில்பர்ட்டின் பெட்ராக் நிறுவனம் வாங்கியிருக்கிறது. இனி அதற்கு ஒரு வேலை தேடணும்.

அடுத்தது ஆராய்ச்சிப் பிரிவு. அது முன்பு கிளீவ்லாந்து எல்லைக்குள், ஆற்றங்கரையில் இருந்தது. இப்போது பிரெக்ஸ்வில் புறநகருக்குப் போயிருக்கிறது. மேலே பார்த்த 2.5 சதவீதக் கணக்கில், அந்த விஞ்ஞானிகளின் சம்பள வரி கிளீவ்லாந்துக்கு இனி இல்லை.

ஆக, வரவு பக்கம்: பார்க்கிங் நிலத்தில் கோபுரம், கம்பெனி ஊரில் தங்கியது, புதிதாகச் சேரும் வேலைகள். பற்று பக்கம்: பழைய கட்டடம் காலி, ஆராய்ச்சிப் பிரிவு வெளியே, பல வருஷத்துக்கு வரிச் சலுகை. செய்தியில் வருவது முதல் பக்கம் மட்டும்.

இது கிளீவ்லாந்தின் தனிக்கதை இல்லை. மூன்று மணி நேர கார் பயணத்தில் இருக்கும் டெட்ராய்ட்டைப் பாருங்கள். ஹட்சன்ஸ் என்ற பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடியை 1998 அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் பல வருஷம் இருந்தது நிலத்தடி கார் பார்க்கிங். 2017 டிசம்பரில் அதே பெட்ராக் நிறுவனம் கோபுரம் கட்டத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் தலைமையகத்தை அங்கே மாற்றுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. அது விட்டுச் செல்லும் ரினைசன்ஸ் சென்டர்? 1977-ல் நகரத்தை மீட்கப் போகிறது என்று சொல்லி ஆற்றங்கரையில் கட்டிய கோபுரக் கூட்டம். அதில் இரண்டு கோபுரங்களை இடித்துவிடலாம் என்ற திட்டம் 2024 நவம்பரில் வெளியானது.

ஒரு ஓட்டையை அடைக்க எடுத்த மண், பக்கத்தில் இன்னொரு பள்ளமாகத் தெரிகிறது.

கிளீவ்லாந்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பழைய அலுவலகங்களை வீடுகளாக மாற்றுவதில் அமெரிக்காவிலேயே நல்ல அனுபவம் உள்ள ஊர் அது. டெர்மினல் டவரின் மாடிகள் பலவற்றில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். 1930-களின் கட்டடங்கள் ஒடுங்கலாக, ஜன்னல் நிறைய வைத்துக் கட்டப்பட்டவை என்பதால் வீடாக்குவது எளிது. 1980-களின் அகன்ற கண்ணாடிக் கட்டடங்களில் நடுப்பகுதிக்கு வெளிச்சமே வராது, அங்கே படுக்கையறை எப்படி வைப்பது? அந்த வகையில் பெயின்ட் கம்பெனி விட்டுச் சென்றது மாற்றத்துக்கு ஏற்ற வகைக் கட்டடம். அது நடந்தால் மேலே போட்ட பற்றுக் கணக்கில் ஒரு வரியை அடித்துவிடலாம்.

கார்கள் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. மாடி ஏறிவிட்டன.

புதுத் தலைமையகத்தோடு சேர்த்தே பக்கத்தில் அடுக்குமாடி கார் நிறுத்தம் கட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 900 கார்களுக்கு இடம். தரையில் பரந்து கிடந்த பார்க்கிங், இப்போது கான்கிரீட் பெட்டிக்குள்.

ஒரு கார் எவ்வளவு இடம் எடுக்கும்? நிற்கும் கட்டம் மட்டும் 9-க்கு 18 அடி, சுமார் 160 சதுர அடி. உள்ளே வர, திரும்ப, வெளியேற வழி சேர்த்தால் 300 சதுர அடியைத் தாண்டும். இந்தக் கோபுரத்தின் 10 லட்சம் சதுர அடியை மூவாயிரத்துச் சொச்சம் ஊழியர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு விழுவதும் ஏறத்தாழ அதே 300 சதுர அடிதான். அதாவது லாபி, லிஃப்ட், மீட்டிங் ரூம் எல்லாம் சேர்த்து மனுஷனுக்கு எவ்வளவோ, அவன் காருக்கும் அவ்வளவு.

பல அமெரிக்க நகரங்களில் இது கட்டடம் கட்டுபவரின் விருப்பம்கூட இல்லை. இத்தனை சதுர அடிக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்று 1950-களிலிருந்து விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடி நிறுத்தத்தில் ஒரு காருக்கு இடம் செய்ய பல்லாயிரம் டாலர் ஆகும், நிலத்தடியில் இன்னும் அதிகம். அந்தச் செலவு வாடகையில் ஏறும். கார் இல்லாதவரும் அதைச் சேர்த்துத்தான் கட்டுகிறார். 2005-ல் இதைப் பெரிய புத்தகமாக எழுதி விளக்கிய கலிஃபோர்னியா பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2025 பிப்ரவரியில் காலமானார். அவர் வாதத்தை எடுத்துக்கொண்டு பஃபலோ நகரம் 2017-லும், டெக்சாஸின் ஆஸ்டின் 2023 நவம்பரிலும் கட்டாய பார்க்கிங் விதியையே ஊர் முழுக்க நீக்கின.

விதி போனால் பார்க்கிங் போய்விடுமா? உடனே இல்லை. கடன் கொடுக்கும் வங்கி கேட்கும், வாடகைக்கு வரும் கம்பெனி கேட்கும். ஆஸ்டின் டவுன்டவுனில் கட்டாயம் இல்லாத காலத்திலும் கோபுரங்களின் அடியில் பல மாடிக்கு கார் நிறுத்தம்தான் இருக்கிறது.

கிளீவ்லாந்தில் வேறு வழி இல்லாமலும் இல்லை. டெர்மினல் டவருக்கு அடியிலேயே நகர ரயில் நிலையம். விமான நிலையத்துக்கு 1968-லேயே நேரடி ரயில் விட்ட ஊர் அது, அமெரிக்காவில் முதலில். யூக்ளிட் அவென்யூவில் 2008 முதல் தனிப்பாதைப் பேருந்து, அதுவும் பப்ளிக் ஸ்கொயரிலிருந்தே. 3,000 பேர் ஒரே இடத்துக்குத் தினமும் வந்தால் அதில் ஒரு பங்கு பேராவது ரயிலில் வர வாய்ப்பு கூடும். புறநகர் வளாகத்தில் அதே 3,000 பேர் இருந்தால் வாய்ப்பே இல்லை. இது கோபுரத்தின் பக்கம் வைக்க வேண்டிய நியாயமான புள்ளி, செய்திகளில் இது அதிகம் பேசப்படவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. கிளீவ்லாந்து மாநகராட்சி பார்க்கிங் கட்டணத்தின் மேல் 8 சதவீத வரி வாங்குகிறது. ஏரிக்கரை கால்பந்து மைதானத்தின் கடனை அடைக்க 1990-களில் கொண்டுவந்தது. பார்க்கிங் குறைய வேண்டும் என்று ஒரு கை சொல்ல, இன்னொரு கை பார்க்கிங்கிலிருந்தே காசு வாங்குகிறது.

மீதி நிலம்?

ஷெர்வின்-வில்லியம்ஸ் வாங்கிய மனைகள் எல்லாவற்றிலும் கட்டடம் வந்துவிடவில்லை. கோபுரத்துக்கு மேற்கே, வேர்ஹவுஸ் மாவட்டத்தை ஒட்டிய பகுதியை எதிர்கால விரிவாக்கத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள். வேர்ஹவுஸ் மாவட்டத்துக்காரர்கள் முதலிலிருந்தே கேட்பது இதைத்தான்: அந்த இடத்தில் எப்போது, என்ன வரும்? வீடும் கடையும் வந்தால் சதுக்கத்திலிருந்து அந்தப் பகுதி வரை ஆள் நடமாட்டம் தொடர்ச்சியாக இருக்கும். ஐம்பது வருஷமாக நடுவில் விழுந்த இடைவெளி மூடும். வராவிட்டால், 36 மாடிக் கோபுரத்தின் முதுகுப் பக்கம் பார்க்கும் காட்சி பழையபடி கார்கள்தான்.

ஆற்றங்கரைப் பக்கம் பெட்ராக் நிறுவனம் 2022-ல் 350 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. சுமார் 35 ஏக்கர். அந்த நிலத்திலும் கார் பார்க்கிங்குக்குக் குறைவில்லை. அங்கேயும் படங்கள் அழகாக வந்திருக்கின்றன: மரம், நடைபாதை, கோபுரங்கள்.

அமெரிட்ரஸ்ட் கோபுரத்தின் படமும் அழகாகத்தான் இருந்தது. அடுத்த முறை எந்த ஊரிலாவது "பார்க்கிங் இடத்தில் பிரம்மாண்ட கோபுரம்" என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடப்போவது மூன்று விஷயம். அதில் உட்காரப் போகிறவர்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், கூடுதல் வரி யார் கணக்குக்குப் போகிறது, கையெழுத்தான கட்டுமான ஒப்பந்தம் வருவதற்கு முன்பே எதையாவது இடிக்கிறார்களா.